முதலில் இரண்டு வாரம்: நெடுந்தூர ஓட்டமும் வழிகாட்டியும்

"சார், நானும் ஓட வரட்டுமா?" என்று ஒரு மாணவர் கேட்டால் நாம் என்ன சொல்கிறோம்? விளையாட்டு விழா நெருங்கினால் பெயரை எழுதிக்கொள்கிறோம். மற்ற நாள்களில் "பிறகு பார்க்கலாம்" என்கிறோம். பல பிள்ளைகளுக்கு அந்தப் 'பிறகு' வருவதே இல்லை.

கென்யாவின் நந்தி பகுதியில் இதே கேள்வியுடன் நின்ற சிறுவர் எலியுட் கிப்சோகே. 1984இல் பிறந்தவர், மழலையர் பள்ளி ஆசிரியரான தாயால் வளர்க்கப்பட்டவர். அவர் அணுகியது அதே பகுதியைச் சேர்ந்த பேட்ரிக் சாங்கை. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் 3,000 மீட்டர் ஸ்டீபிள்சேஸ் ஓட்டத்தில் வெள்ளி வென்றவர் சாங்.

சாங் செய்தது என்ன?

சிறுவனின் திறமையை அவர் சோதிக்கவில்லை. பெரிய வாக்குறுதியும் தரவில்லை. இரண்டு வாரத்திற்கான பயிற்சியைச் சொல்லி அனுப்பினார். அதை முடித்துவிட்டுச் சிறுவன் திரும்பி வந்தான். அடுத்த இரண்டு வாரத்திற்குச் சொன்னார். மீண்டும் வந்தான். பிறகுதான் பெயர், ஊர் எல்லாம் விசாரித்தார். தமக்கு மழலையர் வகுப்பில் பாடம் சொன்ன ஆசிரியரின் மகன் அவன் என்று தெரிந்தது.

2003இல் பாரிஸ் உலகத் தடகளப் போட்டியில் 5,000 மீட்டரில் கிப்சோகே தங்கம் வென்றார். ஆனால் 2012 லண்டன் ஒலிம்பிக்கிற்கான கென்ய அணியில் இடம் கிடைக்கவில்லை. அப்போதும் சாங் உடனிருந்தார். 2013இல் மாரத்தானுக்கு மாறிய கிப்சோகே, 2016 ரியோ ஒலிம்பிக்கிலும், 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்றார்.

நமக்கான பாடம்

முடிக்கக்கூடிய சிறிய பணியைக் கொடுத்தல், முடித்து வரும்போது அடுத்ததைத் தயாராக வைத்திருத்தல், தோற்ற நாளில் கைவிடாதிருத்தல். இம்மூன்றும் ஓட்டத்திற்கு மட்டும் உரியவை அல்ல. வாசிக்கத் தடுமாறும் குழந்தைக்கும், கணக்கு என்றால் ஒதுங்கும் குழந்தைக்கும் இவையே தேவை.

செயல்பாடு (6ஆம் வகுப்பு முதல்)

விருப்பமுள்ள எல்லோரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூச்சிரைப்பு, இதயக் கோளாறு போன்றவை உள்ளனவா என்று பெற்றோரிடம் முன்பே கேட்டறியுங்கள். வெயில் ஏறுவதற்கு முன், வாரம் மூன்று நாள் போதும்.

• முதல் வாரம்: ஒரு நிமிடம் மெதுவோட்டம், ஒரு நிமிடம் நடை; பத்து முறை.
• இரண்டாம் வாரம்: இரண்டு நிமிட ஓட்டம், ஒரு நிமிட நடை; ஏழு முறை.

ஓடும்போதே பக்கத்தில் வருபவரிடம் பேச முடிய வேண்டும். பேச முடியாவிட்டால் வேகம் அதிகம் என்று பொருள். முந்துவதற்குப் பரிசு வேண்டாம்.

ஒவ்வொருவரும் ஒரு குறிப்பேடு வைத்து, தேதி, ஓடிய நிமிடங்கள், உடல் எப்படி இருந்தது என்று எழுதட்டும். கிப்சோகேயும் தம் பயிற்சிகளைக் குறிப்பேட்டில் எழுதி வருபவர்தான்.

இரண்டு வாரம் கழித்து யார் வேகமாக ஓடுகிறார் என்று பார்க்காதீர்கள். யார் திரும்பி வந்திருக்கிறார் என்று பாருங்கள். வராதவரையும் ஒருமுறை அழைத்துப் பேசுங்கள். ஓடுவதற்குக் காலணி இல்லை என்பதுகூடக் காரணமாக இருக்கலாம்.