பேக்-மேன் ஆப்பிள் 2-க்கு வர ஏன் 3 வருஷம் ஆச்சு?

இந்த வார எபிசோடில் ஆர்கேட் கேம்கள் பற்றிப் பேசும்போது, "அந்தக் காலத்து வீட்டு கம்ப்யூட்டருக்கு பவர் பத்தல, அதான் லேட்டு"ன்னு சொல்லிட்டு நகர்ந்துட்டேன். அது பாதி உண்மைதான். மீதிப் பாதி இங்கே.

ஒரே ஒரு உதாரணம் எடுத்துக்கலாம். ஆப்பிள் 2 கம்ப்யூட்டர் 1977-லேயே விற்பனைக்கு வந்துவிட்டது. நாம்கோவின் பேக்-மேன் 1980-ல் வந்தது. ஆனால் அதே பெயரோடு, முறையான உரிமத்தோடு அது ஆப்பிள் 2-க்கு வந்தது 1983-ல்தான்.

முதலில் ஹார்ட்வேரைப் பார்ப்போம். ஆர்கேட் பெட்டிக்குள் இருந்தது 3 மெகாஹெர்ட்ஸ் இசட்80 சிப். அதைவிட முக்கியம், ஸ்ப்ரைட். அதாவது, பேக்-மேனையும் 4 பேய்களையும் பின்னணியைத் தொடாமல் நகர்த்துவதற்கென்றே தனி சர்க்யூட். "இந்தப் பேயை இங்கே வை"ன்னு புரோகிராம் சொன்னால் போதும். ஆப்பிள் 2-ல் இருந்தது 1 மெகாஹெர்ட்ஸ் 6502 சிப். ஸ்ப்ரைட் கிடையாது. ஒரு பேய் கொஞ்சம் நகரணும்னா, சிப்பே பழைய படத்தை அழிச்சு, அடியில் இருந்த புள்ளியைத் திரும்ப வரைஞ்சு, புது இடத்தில் பேயை வரையணும். 5 உருவங்களுக்கும் இதே வேலை, நொடிக்குப் பல தடவை.

கஷ்டம்தான், ஆனால் முடியாத காரியம் இல்லை. பிரையன் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற புரோகிராமர் 1981-லேயே ஆப்பிள் 2-ல் செய்து காட்டினார். அவருடைய கேமின் பெயர் டேக்ஸ்மேன். பார்த்தால் அச்சு அசல் பேக்-மேன்!

அப்போ தடை எங்கே? காகிதத்தில். பேக்-மேனின் வீட்டு உரிமையை வாங்கி வைத்திருந்தது அட்டாரி. 1982-ல் தன்னுடைய 2600 கன்சோலுக்கும் தன்னுடைய கம்ப்யூட்டர்களுக்கும் வெளியிட்டது. போட்டியாளரின் மெஷினுக்கு ஏன் கொடுக்கணும்? அதே மாதிரி கேம் செய்தவர்கள் மேல் வழக்கும் போட்டது. கே.சி. மஞ்ச்கின் என்ற கேமின் விற்பனையை 1982-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தடுத்தது. டேக்ஸ்மேன் மேலும் சட்ட நடவடிக்கை வந்தது.

1982 கடைசியில் கதை மாறியது. அட்டாரியின் விற்பனை எதிர்பார்த்த அளவு இல்லை. அடுத்த வருஷம் அட்டாரிசாஃப்ட் என்ற பெயரில், போட்டி மெஷின்களுக்கும் கேம் விற்க ஆரம்பித்தது. அப்படி வந்ததுதான் ஆப்பிள் 2 பேக்-மேன். அதற்குள் இருந்தது என்ன தெரியுமா? அதே டேக்ஸ்மேன் கோடு, கொஞ்சம் மாற்றங்களோடு! அந்த 2 வருஷத்தில் கோடு தயாராகத்தான் இருந்தது. கையெழுத்துதான் இல்லை.

இது எனக்குப் பழைய கதையாகவே தெரியலை. என் முதல் கான்ட்ராக்டில் தினக் கூலி எவ்வளவு என்ற வரியை மட்டும் படித்துவிட்டு கையெழுத்துப் போட்டேன். அப்போ ராத்திரியில் பாட்டிக்காக ஒரு சின்ன ஆப் எழுதிக்கொண்டிருந்தேன். பெரிய எழுத்துகளோடு ஒரு தமிழ் கீபோர்டு. வெளியிடப் போகும்போதுதான் இன்னொரு வரி கண்ணில் பட்டது. கான்ட்ராக்ட் காலத்தில் நான் எழுதும் எல்லா கோடும் அவர்களுக்கே சொந்தம். கெஞ்சி, மெயில் மேல் மெயில் போட்டு, "உங்களுடையதுதான்" என்று எழுதி வாங்க 14 மாதம் ஆச்சு. அதற்குள் பாட்டிக்கு அந்தப் பெரிய எழுத்தும் தெரியாமல் போயிடுச்சு.

உங்களில் பலர் முதல் இன்டர்ன்ஷிப்புக்கோ வேலைக்கோ கையெழுத்துப் போடப் போறீங்க. அதுக்கு முன்னாடி மூணு கேள்வி: சொந்த நேரத்தில் எழுதுவது யாருக்குச் சொந்தம்? ஏற்கெனவே எழுதியதைத் தனிப் பட்டியலாகச் சேர்க்க முடியுமா? வேலையை விட்ட பிறகும் அந்த வரி தொடருமா? பதில் வாய்வார்த்தையா இருந்தால் போதாது, எழுத்தில் வாங்குங்க.

அடுத்த வாரம் பார்ப்போம்.