காயமும் கட்டும்

சென்னையினின்று புதுச்சேரிக்குக் கடற்கரைச் சாலை வழியே செல்வோர், மரக்காணத்தை அணுகுங்கால் பாத்தி பாத்தியாய் விரிந்த உப்பளங்களையும், கரையிலே குவிந்த வெண்குவியல்களையும் காண்பர். கோடை வெயிலில் ஆடவரும் மகளிரும் செறிந்த உப்புநீரில் நின்று, படிந்த உப்பைப் பலகையால் வாரிக் கரை சேர்க்கின்றனர். உப்பின் கூரிய மணிகளால் கையிற் சிராய்ப்பும், நீரில் நின்றதனாற் காலில் வெடிப்பும் உண்டாதல் இத்தொழிலில் இயல்பு. வேறொருவருக்கு நான்கு நாளில் மறையும் சிறு காயம், நாளையும் அதே நீரில் இறங்க வேண்டியவருக்குச் சிறியதன்று. அது ஆறாது நீடித்தால் முதலிற் கூலி போம். பின்னர்க் காலுக்கே கேடு நேரினும் நேரும். ஆதலின், எக்காயத்துக்கு எக்கட்டு ஏற்றது என்பதை இக்கரையை முன்னிட்டு ஆராய்வாம்.

முதற்கண் ஓர் ஐயத்தை நீக்குவோம். "உப்புநீர் புண்ணை ஆற்றும்" என்று பலர் கூறக் கேட்கிறோம். வைத்தியசாலைகளிற் புண் கழுவ உப்புநீர் வழங்குவது மெய்யே. ஆயினும் அந்நீரில் லிட்டர் ஒன்றுக்கு 9 கிராம் உப்பே உண்டு. அது நம் குருதியின் உவர்ப்புக்கு ஒத்த அளவு. கடல்நீரிலோ சுமார் 35 கிராம். உப்பு படியும் பாத்தியிலோ சுமார் 300 கிராம். இத்துணைச் செறிந்த நீர் புண்ணிலுள்ள உயிரணுக்களின் ஈரத்தை வெளியே இழுத்து அவற்றை வாட்டிவிடும். பெயர் ஒன்றாயினும் ஒன்று மருந்து, மற்றொன்று ஊறு. எனவே அளத்திற் பட்ட காயத்தை உடனே குடிநீரால் நன்கு கழுவுதலே முதற் சிகிச்சை. நல்ல குடிநீர் கிட்டாவிடின், கொதித்து ஆறிய நீர் போதும்.

இனிக் கட்டின் இலக்கணம் யாதெனப் பார்ப்போம். 1867-இல் ஜோசப் லிஸ்டர் என்னும் ஆங்கில வைத்தியர், கார்பாலிக் அமிலத்தாற் கிருமிகளை அடக்கிப் புண் சீழ்ப்பிடியாது காக்கும் முறையை வெளியிட்டார். அதன் பின்னும் நெடுங்காலம், புண் காற்றில் உலர்ந்து பொருக்குத் தட்டினால்தான் ஆறும் என்று மக்கள் நம்பினர். 1962-இல் ஜார்ஜ் விண்டர் என்பார் பன்றிகளின் தோலில் மேலோட்டமான காயங்கள் செய்து, சிலவற்றை மெல்லிய பாலிதீன் தாளால் மூடி, சிலவற்றைத் திறந்து வைத்தார். மூடிய காயங்களில் ஏறக்குறைய இருமடங்கு விரைவிற் புதுத்தோல் படர்ந்தது. புதுத்தோலின் அணுக்கள் ஈரமான பரப்பில் எளிதில் ஊர்ந்து செல்லும். பொருக்கு இருப்பின் அதன் அடியிற் குடைந்து செல்ல வேண்டும். இதனாற் பெறப்படும் விதி எளியது: வறண்ட புண்ணுக்கு ஈரம் அளிக்க, ஒழுகும் புண்ணின் நீரை உறிஞ்சுக, ஆறிவரும் புண்ணைக் கலைக்காது காக்க.

இவ்விதியைக் காயங்களின் வகைக்கேற்பப் பொருத்துவோம்.

வெட்டுக்காயம்: தூய துணியை வைத்துப் பத்து நிமிஷம் இடைவிடாது அழுத்தினால் குருதி பெரும்பாலும் நிற்கும். வாய் பிளந்த காயத்துக்குத் தையல் வேண்டும். சிறியதாயின் கழுவி மெல்லிய கட்டு இடுதல் சாலும்.

சிராய்ப்பு: மணலும் உப்பும் நீங்கக் கழுவி, ஒட்டாத கட்டு இடுக. பஞ்சை நேரே வைத்தல் தவறு. அதன் இழைகள் புண்ணிற் பற்றும். பாரபின் தடவிய வலைத்துணி இதற்கு ஏற்றது. சலனப்படத்துக்கு வித்திட்ட சகோதரருள் மூத்தவரான அகுஸ்த் லூமியேர், முதல் உலக யுத்த காலத்தில் இத்தகைய துணியை ஆக்கினார் என்பது அறியத்தக்கது.

தீப்புண்: இருபது நிமிஷம் குளிர்ந்த நீரை ஓடவிடுக. மை, மாவு, பற்பசை எதுவும் பூசலாகாது. பின்னர் ஒட்டாத கட்டே வேண்டும். மும்பை வைத்தியர்கள் 2003-இல் வெளியிட்ட ஆராய்ச்சியொன்றில், கிருமிநீக்கிய வாழையிலை வலி குறைந்த நற்கட்டாக விளங்கியது.

நீர் ஒழுகும் புண்: தடித்த உறிஞ்சு கட்டு வேண்டும். கடற்பாசியினின்று எடுக்கும் ஆல்ஜினேட் என்னும் பொருளாலான கட்டு, புண்ணின் நீரை ஏற்றுக் கூழாக மாறும். அதற்குரிய பழுப்புப் பாசிகள் நம் மன்னார் வளைகுடாவிலும் வளர்கின்றன.

குத்துக்காயம்: முள், கிளிஞ்சல், கெளுத்தியின் முள் ஆகியவற்றால் வருவது. வாய் சிறிது, ஆழம் பெரிது. இதனை இறுக மூடுதல் கூடாது. கழுவித் தளர்வாகக் கட்டி வைத்தியரிடம் காட்டுக. தனுர்வாதத் தடுப்பூசியைப் பற்றியும் கேட்டறிக. கழிமுகத்தில் மீன் பிடிப்போருக்குப் பட்ட காயம் சில மணி நேரத்திலே சிவந்து வீங்கிக் காய்ச்சல் காணுமாயின், கட்டை நம்பிக் காத்திராது மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். வெதுவெதுப்பான உவர்நீரில் வாழும் கிருமிகள் சில மிகக் கொடியவை.

எஞ்சியது உணர்வற்ற காலின் புண். நீரிழிவாலும் தொழுநோயாலும் கால் மரத்துப் போனவருக்கு அடிபட்டதே தெரியாது. கொல்லிமலையிற் பிறந்து, 1946-இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்டு இத்தகைய புண்களை ஆராய்ந்தார். தொழுநோயாளரின் சதை ஆறுந் தன்மையை இழந்துவிடவில்லை என்றும், வலி தோன்றாமையால் அவர் புண்மேலேயே நடந்து நடந்து அதனை வளர்க்கின்றனர் என்றும் அவர் உணர்த்தினார். காலை மாக்கட்டால் மூடி அழுத்தத்தைத் தவிர்த்தபோது, நெடுநாட் புண்களும் ஆறின. இங்கே உயர்ந்த கட்டு ஓய்வே. அது கிட்டாவிடின் எத்துணை விலையுயர்ந்த துணியும் பயன் தராது. அத்தகைய காலிற் கறுத்து வறண்ட புண் இருப்பின், வைத்தியர் குருதியோட்டத்தைச் சோதிக்குமுன் அதனை நனைத்தலும் ஆகாது.

இவற்றை அறிந்து மீண்டும் அளத்தை நோக்குவோம். நூலிற் கண்ட கட்டு, பாத்தியில் இறங்கிய மறுகணமே உப்புநீர் ஊறிய கந்தையாகிவிடும். ஊறிய கட்டை நீக்கி, நன்னீரிற் கழுவி, புதிது இடல் வேண்டும். அதனைப் புண்மேல் உலரவிடுதல் ஊறு செய்யும். நீர் புகாத மேலுறையும் ரப்பர் காலணியும், கரையில் ஒரு குடம் நன்னீரும், மாற்றுக் கட்டுகள் அடங்கிய சிறு பெட்டியும் இருப்பின் பல புண்கள் தொடக்கத்திலேயே ஆறும். கால் மரத்தவருக்கோ, ஆறும் வரை கூலி இழவாத ஓய்வு தருதல் அளம் உடையார் கடன்.

வைத்தியம் பயிலச் செல்லும் நம் மாணவரும், ஊரிற் பிறர் காயத்துக்கு முதலுதவி செய்ய நேரும் பிறரும் இதனை மனத்திற் கொள்வாராக: கட்டைத் தெரியுமுன் காயத்தை நோக்குக, காயத்தை நோக்குங்கால், அதனை உடையவர் நாளை எந்நீரில் நிற்பார் என்பதையும் கேட்டறிக.