மண்டை ஓடு மாடல்: ஆர்டர் எடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் மளிகையோடு நோட்டுப் புத்தகமும் ஸ்டேஷனரியும் சேர்த்து விற்கிறவர்கள் நம்மில் பலர். பள்ளி திறக்கும் சமயத்தில் அவர்களிடம் புதிதாக ஒரு கேள்வி வருகிறது: "எலும்புக்கூடு மாடல், மண்டை ஓடு மாடல் வாங்கித் தர முடியுமா?" முண்டியம்பாக்கத்தில் 2010ல் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தபின் நர்சிங், பாராமெடிக்கல் படிப்பவர்களும் இதைக் கேட்கிறார்கள். எங்கள் கடை மொத்த மளிகைக் கடைதான். படிப்பும் பள்ளியோடு சரி. ஆனாலும் துவரம்பருப்பில் கல் பார்க்கத் தெரிந்தவருக்கு இந்தச் சரக்கைப் பார்ப்பதும் கஷ்டமில்லை.

முதலில் சரக்கின் பூர்வீகம். ஒரு காலத்தில் மாடல் என்ற பேச்சே இல்லை, நிஜ எலும்புதான். உலகத்து மருத்துவக் கல்லூரிகளுக்கெல்லாம் அது கல்கத்தாவிலிருந்து கப்பலேறியது. 1984ல் மட்டும் சுமார் 60,000 மண்டை ஓடுகளும் எலும்புக்கூடுகளும் இந்தியாவிலிருந்து போனதாக அமெரிக்கப் பத்திரிகை ஒன்று எழுதியது. அடுத்த வருடம் ஒரு வியாபாரி குழந்தைகளின் எலும்புக்கூடுகளை ஏற்றுமதி செய்த விவகாரம் வெளிவந்து பெரிய கூச்சல் எழுந்தது. 1985ல் மத்திய அரசு மனித எலும்பு ஏற்றுமதிக்குத் தடை போட்டது. அதற்குப் பிறகுதான் பிளாஸ்டிக் மாடலுக்கு உலகம் முழுக்க கிராக்கி கூடியது. பொம்மை செய்கிற கலை அதற்கு முன்பே உண்டு: பிரான்சில் லூயி ஓசூ என்ற டாக்டர் 1820களிலேயே காகிதக் கூழில், பிரித்துப் பிரித்து மாட்டக்கூடிய உடல் மாதிரிகள் செய்தார். இன்று நம் நாட்டில் இந்தச் சரக்குக்குப் பேர்போன ஊர் ஹரியானாவின் அம்பாலா.

தடை வந்ததும் நிஜ எலும்பு வியாபாரம் நின்றுவிட்டது என்று எண்ண வேண்டாம். 2007ல் மேற்கு வங்கத்தில் பூர்பஸ்தலி என்ற ஊரில், திருடிய பிணங்களிலிருந்து எலும்பு தயாரிக்கும் இடத்தையே போலீஸ் பிடித்தது. ஆகவே யாராவது "ஒரிஜினல் பீஸ், மாடலைவிட மலிவு" என்று வந்தால் கையில்கூட வாங்காதீர்கள். புதைத்த இடத்தில் அத்துமீறுவதும் பிணத்தை அவமதிப்பதும் பாரதிய நியாய சன்ஹிதா 301ஆம் பிரிவின்படி ஒரு வருடம் வரை சிறைக்குரிய குற்றம். திருட்டுச் சரக்கு வாங்கிய வழக்கும் சேரலாம். வழக்கு இருக்கட்டும், அது ஒரு தாய் பெற்ற பிள்ளையின் தலை. கடை மேஜையில் வைத்துப் பேரம் பேசும் பொருளா அது?

வித்தியாசம் காண்பது எளிது. பிளாஸ்டிக் மண்டையில் அச்சு இரண்டும் சேர்ந்த கோடு எங்காவது தெரியும். நிறம் எங்கும் ஒரே சீராக இருக்கும். நிஜ எலும்பு உடைந்த இடத்தில் உள்ளே தேன்கூடு போலச் சிறு சிறு துளைகள் தெரியும். நிறம் இடத்துக்கு இடம் மாறும்.

இனி தரம். முழு எலும்புக்கூடு மாடல் ஆள் உயரம், அதாவது சுமார் 170 செ.மீ.; பாதி அளவு 85 செ.மீ. பார்சல் வந்ததும் வாங்கியவர் எதிரிலேயே எண்ணுங்கள். விலா எலும்பு இரண்டு பக்கமும் 12, 12. முதுகெலும்புக் கண்ணிகள் கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5. பல் 32. மண்டை ஓட்டில் மேல்மூடி தனியாகக் கழன்று, கொக்கியில் திரும்ப மாட்ட வேண்டும். கீழ்த்தாடை ஸ்பிரிங்கில் அசைய வேண்டும், ஏனென்றால் தலையில் கண்ணுக்குத் தெரிந்து அசைகிற எலும்பு அது ஒன்றுதான். மட்டமான சரக்கில் இரண்டு காலும் இடது காலாக இருக்கும்! உடல் மாடல் என்றால் நுரையீரலைப் பாருங்கள்: வலப்பக்கம் மூன்று மடல், இடப்பக்கம் இரண்டு. கல்லீரல் வலது பக்கம், வலது சிறுநீரகம் இடதைவிடச் சற்றுக் கீழே. இது தப்பினால் பிள்ளைகள் தப்பாகவே படிப்பார்கள், சரக்கும் ரிட்டர்ன் வரும்.

பிளாஸ்டர் மாடல் மலிவு. ஆனால் லாரி ஷெட்டிலேயே மூக்கு போய்விடும். பி.வி.சி. உடையாது, ஆனால் தகரக் கொட்டகை கோடவுனில் சித்திரை வெயிலுக்குக் கை கால் வளையும். நிழலில், நிற்க வைத்தே வையுங்கள்.

நம் மாவட்டத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பொம்மையார்பாளையத்தை ஒட்டிய ஓடை என்ற இடத்தில், செம்புரைக்கல்லுக்குள் சிக்கிய பழங்காலக் குழந்தை மண்டை ஓட்டை 2001ல் கண்டதாக ஆராய்ச்சியாளர் பி. ராஜேந்திரன் தெரிவித்தார். அது போன்ற பொருளைப் பள்ளிப் பிள்ளைகள் கையில் கொடுக்க முடியாது. அச்செடுத்த நகலைத்தான் தொட்டுப் பார்க்க முடியும். நகல் என்றால் மட்டம் என்று எண்ணும் வாடிக்கையாளரிடம் நாங்கள் இதைத்தான் சொல்வது.

பில் விஷயம். இந்தச் சரக்கு ஜி.எஸ்.டி.யில் 9023 என்ற தலைப்பில் வருகிறது: கற்பித்துக் காட்டுவதற்கென்றே செய்து, வேறு உபயோகத்துக்கு ஆகாத மாடல்கள். விளையாட்டுப் பொம்மைத் தலைப்பில் போடாதீர்கள். அன்றைய வரி விகிதத்தை ஆடிட்டரிடம் கேட்டு எழுதுங்கள். பில்லில் "பிளாஸ்டிக் மாடல், மனித எலும்பு அல்ல" என்று ஒரு வரி சேர்ப்பது எங்கள் வழக்கம். வழியில் லாரியை நிறுத்திப் பார்சலைப் பிரித்தால், அந்த ஒரு வரி டிரைவருக்குப் பெரிய துணை.

கடன் மட்டும் யோசித்துக் கொடுங்கள். ஒரு பள்ளி எங்களிடம் இரண்டு மாடல் வாங்கி, ஆண்டு விழா முடியட்டும், பரீட்சை முடியட்டும் என்று பதினோரு மாதம் இழுத்தது. அரிசி, பருப்பு என்றால் அடுத்த வாரம் திரும்ப வருவார்கள், அப்போது பாக்கியைக் கேட்கலாம். எலும்புக்கூடு வாங்கியவர் பத்து வருடத்துக்கு நம் கடைப் பக்கம் வரமாட்டார். பாதிப் பணம் முன்பணமாக வாங்கிக்கொண்டே ஆர்டர் போடுங்கள்.