மும்பையை ஊர்க்காரர்போலச் சுற்ற சில குறிப்புகள்

கேட்வே ஆஃப் இந்தியாவை அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம். ஊர் எப்படிப் பிழைக்கிறது என்று பார்க்கத்தான் கொஞ்சம் சாமர்த்தியம் வேண்டும்.

1. லோக்கல் ரயிலில் ஏறாமல் திரும்பாதீர்கள். காலை 8 முதல் 11 மணி வரை கூட்டம் தெற்கே சர்ச்கேட், சிஎஸ்எம்டி நிலையங்கள் பக்கம் பாயும். மாலையில் வடக்கே திரும்பும். எதிர்த்திசையில் போகிற மாதிரி திட்டம் போட்டால் ஜன்னலோரமே கிடைக்கலாம்.

2. அந்தேரியில் இறங்க வேண்டியவர்கள் விரார் வரை போகும் ஃபாஸ்ட் ரயிலில் ஏறக் கூடாது. சட்டம் இல்லை, வழக்கம்தான். ஆனால் கடைசிவரை போகிறவர்களிடம் வசவு நிச்சயம்.

3. இறங்கும் நிலையத்துக்கு இரண்டு நிலையம் முன்பே எழுந்துவிடுங்கள். முன்னால் நிற்பவரிடம் "தாதர் உதர்னா ஹை?" (தாதரில் இறங்கணுமா?) என்று கேளுங்கள். ஆமாம் என்றால் அவர் முதுகை விடாதீர்கள். இல்லை என்றால் அவரே வழிவிடுவார். தாதரில் இறங்காதவர்கள் வாசல் பக்கம் நிற்கவே வேண்டாம், கூட்டமே இறக்கிவிட்டுவிடும்! மூன்று பேர் சீட்டில் நுனியில் ஒட்டிக்கொள்ளும் நாலாவது ஆளை முறைக்காதீர்கள். அது இங்கே உரிமை. பை எப்போதும் மார்புப் பக்கம்.

4. பெண்களுக்குத் தனிப் பெட்டி உண்டு. மாலையில் அதில் ஏறினால் பட்டாணி உரிப்பதையும் கீரை ஆய்வதையும் பார்க்கலாம். வீடு சேரும்போது பாதிச் சமையல் முடிந்திருக்கும்.

5. வேலை நாளில் பகல் 11.30 வாக்கில் சர்ச்கேட் நிலைய வாசலுக்குப் போங்கள். வீட்டுச் சாப்பாட்டை அலுவலகத்தில் சேர்க்கும் டப்பாவாலாக்கள் கேரியர்களைப் பிரித்து அடுக்குவார்கள். 1890-ல் தொடங்கிய தொழில். மூடியில் உள்ள எண்ணும் எழுத்தும்தான் முகவரி. அவர்களுக்கு நிமிடக் கணக்கு. வழியை மறித்து செல்ஃபி எடுக்காமல் ஓரமாக நின்று பாருங்கள்.

6. தமிழ் புழங்கும் மாதுங்கா பகுதிக்குப் போக மத்திய ரயில் பாதையின் 'மாதுங்கா'வில் இறங்குங்கள். 'மாதுங்கா ரோடு' மேற்குப் பாதையில் இருக்கிறது. மார்க்கெட்டில் முருங்கைக்காய், வாழையிலை, மல்லிகைச் சரம் எல்லாம் தமிழிலேயே பேரம் பேசி வாங்கலாம். 1940-ல் தொடங்கிய கஃபே மெட்ராஸ் அருகில்தான், திங்கள் விடுமுறை. ஞாயிறு காலை கூட்டம் அம்மும். பெயர் கொடுத்துவிட்டுக் காய்கறிக் கடைகளை ஒரு சுற்று சுற்றி வரலாம். மும்பைக்கு வந்தும் இட்லியா என்று அலுத்துக்கொள்ள வேண்டாம். இதுவும் மும்பைதான்.

7. டீக்கடையில் "கட்டிங்" என்றால் அரை கிளாஸ். 1904-லிருந்து இருக்கும் கயானி போன்ற ஈரானிக் கடையில் ப்ருன் மஸ்கா கேளுங்கள். ரொட்டி மொறுமொறுவென்று கடினமாக இருக்கும். டீயில் முக்கித்தான் சாப்பிட வேண்டும்.

8. தென்மும்பையில் ஆட்டோ ஓடாது. கறுப்பு-மஞ்சள் டாக்சி அல்லது சிவப்பு நிற 'பெஸ்ட்' நிறுவன பஸ்தான்.

9. ஜூன் முதல் செப்டம்பர் வரை போனால் கடல் ஏற்ற நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். கனமழையும் கடல் ஏற்றமும் சேர்ந்தால் மழைநீர் வடியாது. சயான், குர்லா பக்கம் தண்டவாளம் மூழ்கி ரயில் நிற்கும். அன்றைக்குத் தங்கியிருக்கும் பேட்டையை விட்டு நகராதீர்கள். பசித்தால் வடா பாவ் எல்லாத் தெருவிலும் கிடைக்கும்.