கூட்டம் வரும்வரை நில்லுங்கள்

மழைக்காட்டில் பறவை பார்க்கப் போகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, நடையைக் குறையுங்கள் என்பதுதான். வேடந்தாங்கலிலும் பழவேற்காட்டிலும் பழகிய கண்களுக்குப் பறவை என்றால் எதிரே இருப்பது. நாரையும் கூழைக்கடாவும் தண்ணீர்ப் பரப்பில் நல்ல வெளிச்சத்தில் நிற்கும். தொலைநோக்கியை எடுத்துப் பார்ப்பது ஒன்றுதான் நம் வேலை. இலங்கையின் தென்மேற்கே சிங்கராஜா காட்டில் அது நடக்காது. தலைக்கு மேலே முப்பது, நாற்பது மீட்டருக்கு இலையும் கொடியும்தான். காலை எட்டு மணிக்கும் பொழுது சாய்ந்ததுபோல மங்கலாக இருக்கும். ஒரு மணி நேரம் நடந்தும் ஒரு சிறகுகூடக் கண்ணில் படாது. பிறகு பத்தே நிமிடத்தில், எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாத அளவுக்குப் பறவைகள் வந்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று தெரிந்தவர் ஒருவர் வேண்டும். வழிகாட்டி அதற்குத்தான்.

கேரளத்தின் தட்டேக்காட்டில் தொடங்கி, சில ஆண்டுகளாக இப்படி வழிகாட்டிகளோடு போய்வருகிறேன். பயணத் திட்டம் கைக்கு வந்ததும் அதில் எத்தனை இடம், எத்தனை இனம் என்று நான் பார்ப்பதில்லை. ஒரே காட்டில் எத்தனை காலைப் பொழுது கிடைக்கும், கூட வருபவர் யார், இந்த இரண்டு மட்டும் போதும்.

சிங்கராஜாவில் காலைப் பொழுதுகள் ஏன் முக்கியம் என்பதற்குக் காரணம் அங்குள்ள பறவைகளின் பழக்கம். பல இனங்கள் ஒன்றுசேர்ந்து ஒரே கூட்டமாக இரை தேடிக்கொண்டு காட்டுக்குள் நகர்கின்றன. கூட்டத்தின் நடு உயிர் செம்மஞ்சள் அலகுச் சிலம்பன். நம் ஊர்த் தவிட்டுக்குருவிக்கு உறவு. அதைப் போலவே ஒன்றுக்கொன்று ஓயாமல் குரல் கொடுத்தபடி கிளை கிளையாகத் தாவும். கூடவே கொண்டைக் கரிச்சான் வரும். சிலம்பன்கள் கிளப்பிவிடும் பூச்சிகளை அது பிடித்துத் தின்னும்; வல்லூறு தென்பட்டால் முதல் எச்சரிக்கைக் குரலும் அதனுடையதுதான். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் சரத் கொட்டகமவும் அவரோடு வேலை செய்தவர்களும் 1980களிலிருந்து இந்தக் கூட்டங்களைப் பதிவு செய்து வந்திருக்கிறார்கள். ஒரு கூட்டத்தில் சராசரியாக நாற்பது பறவைகளுக்குச் சற்று மேல், பதினொன்று பன்னிரண்டு இனங்கள் என்பது அவர்கள் கணக்கு. கரிச்சான் மற்ற பறவைகளின் குரலை அப்படியே எடுத்து ஒலிக்கும். அந்தக் குரல் மற்ற இனங்களைக் கூட்டத்தின் பக்கம் இழுக்கிறது என்பதையும், பதிவு செய்த குரல்களைக் காட்டில் ஒலிக்கவிட்டுச் சோதித்துக் காட்டினார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டுப் போனாலும், காட்டுக்குள் அந்தக் கூட்டத்தைக் கண்டுபிடிப்பது வேறு வித்தை. குடாவ நுழைவாயிலிலிருந்து ஆராய்ச்சி நிலையம் நோக்கிப் போகும் அகலமான மண்பாதையில் ஒரு காலை. கூட வந்தவர் பக்கத்துக் கிராமத்துக்காரர். தேயிலைத் தோட்டத்துக்காரர்களோடு பழகிய தமிழ் அவரிடம் கொஞ்சம் இருந்தது. பாதை வளைகிற இடத்தில் நின்றார். எனக்குச் சில்வண்டு இரைச்சல் மட்டும்தான் கேட்டது.

“கரிச்சான் கத்துது மேடம். நாங்க போக வேணாம். அது இங்கதான் வரும்.”

நின்றோம். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். ஓடைப் பக்கமிருந்து சலசலப்பு ஏறி வந்தது. முதலில் தரையில், சருகைப் புரட்டிப் போட்டுக்கொண்டு சாம்பல் தலைச் சிரிப்பான்கள். அவற்றின் மேலே, தோள் உயரப் புதர்களில் சிலம்பன்கள். அதற்கும் மேலே ஒரு கிளையில், முதுகை எங்களுக்குக் காட்டியபடி தீக்காக்கை ஒன்று அசையாமல் உட்கார்ந்திருந்தது. அது திரும்பியபோதுதான் வயிற்றின் சிவப்பு தெரிந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருக்க, அவர் என் முழங்கையைத் தொட்டு, “மேல பாருங்க, மேல. செவப்பு மூஞ்சி கடைசியாத்தான் வரும்” என்றார். உச்சிக் கிளைகளில் செம்முகப் பூங்குயில் இரண்டு, பறக்காமல் அணில் மாதிரி கொப்பு விட்டுக் கொப்பு ஏறிப் போயின. வெறும் தோலாகச் சிவந்த முகம், பச்சை அலகு, நுனி வெளுத்த நீள வால். இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத பறவை. அவர் சொல்லியிருக்காவிட்டால் என் கண் அந்த உயரத்துக்குப் போயிருக்காது.

அன்றிலிருந்து கூட்டம் வரும்போது நான் செய்வது இது. தரை, புதர், நடுக்கிளை, உச்சி என்று கீழிருந்து மேலாகப் பார்வையை ஏற்றுவேன். பிடித்த ஒரு பறவையில் கண்ணை நிறுத்தி அது மறையும்வரை விடமாட்டேன். எல்லாவற்றையும் பார்க்க ஆசைப்பட்டால் ஒன்றும் மனதில் தங்காது. தொலைநோக்கியைக் கண்ணில் வைத்துக்கொண்டு பறவையைத் தேடுவதும் பயன்படாது. வெறுங்கண்ணால் அசைவைப் பிடித்து, அந்த இடத்திலிருந்து பார்வையை எடுக்காமல் தொலைநோக்கியைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். வீட்டு மாடியில் நின்று எதிர்மரத்துக் காக்கையை வைத்துச் சில நாள் பழகினாலே கை படிந்துவிடும்.

நாங்கள் நின்ற அந்த மண்பாதைக்கு ஒரு கதை உண்டு. 1970களின் தொடக்கத்தில் ஒட்டுப்பலகை ஆலைக்காக இந்தக் காட்டுக்குள் மரம் வெட்டும் இயந்திரங்கள் இறங்கின. மக்களின் எதிர்ப்பு வலுத்து, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் வெட்டு நிறுத்தப்பட்டது. 1988-ல் யுனெஸ்கோ இதை உலக மரபுக் களமாக அறிவித்தது. மரம் ஏற்றிப் போக வெட்டிய வண்டிப்பாதையில்தான் இன்று நாம் நடக்கிறோம். பாதை அகலமாக இருப்பதால் இரு பக்கமும் மரங்களின் பக்கவாட்டு தெரிகிறது. உள்ளே போகும் ஒற்றையடித் தடங்களில் கழுத்து வலிக்க மேலே பார்க்க வேண்டும். முதல் நாள் அகலப் பாதையிலேயே இருங்கள். பூங்குயிலும், நீல வால்காக்கையும், இலங்கைக் காட்டுக்கோழியும் இங்கேயே கிடைக்கும்.

சுற்றுலா ஏற்பாட்டாளர் அனுப்பும் வழிகாட்டி விமான நிலையத்திலிருந்து கூடவே வருவார். நாடு முழுக்கப் பறவைகள் எங்கே, எந்த மாதத்தில் என்று அவருக்குத் தெரியும். ஆனால் சிங்கராஜாவில் வாசலில் இருக்கும் உள்ளூர் வழிகாட்டி ஒருவரைக் கூட்டிக்கொண்டுதான் உள்ளே போக முடியும், அது விதி. பலர் இதை ஒரு சடங்கு போல எடுத்துக்கொண்டு அந்த மனிதரைப் பின்னால் நடக்கவிடுகிறார்கள். அவரை முன்னால் விடுங்கள். நேற்று எந்த மரம் பழுத்தது, எந்த ஓடைக்கு மேலே ஆந்தை உட்கார்ந்தது என்பது அவருக்குத்தான் தெரியும். முதல் அரை மணி நேரத்திலேயே அவரிடம் உங்களுக்கு என்ன வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். “நிறைய இனம் வேண்டாம், ஒன்றிரண்டை நின்று பார்க்க வேண்டும்” என்று சொன்னால் அவர் நடையே மாறும். பெயர் சொல்லிக் காட்டியதோடு விடாமல், எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேளுங்கள். எனக்குக் கிடைத்த நல்ல பாடங்கள் எல்லாம் அந்தக் கேள்விக்கு வந்த பதில்கள்தான்.

காது எவ்வளவு பெரிய கருவி என்பதற்கு இந்தக் காடுகளிலேயே சான்று இருக்கிறது. தீபல் வரகாகொட என்ற இலங்கைப் பறவையியலாளர் 1995-ல் கித்துள்கல காட்டில் இரவில் ஒரு குரலைக் கேட்டார். அவர் அறிந்த எந்தப் பறவையோடும் அது பொருந்தவில்லை. விடாமல் தேடி, 2001 ஜனவரியில் சிங்கராஜாவில் அதை நேரில் பார்த்தார்: காதுக் கொம்பு இல்லாத, செம்பழுப்பு நிறச் சிறிய ஆந்தை. 2004-ல் அது செரண்டிப் ஆந்தை என்ற புதிய இனமாக அறிவியலில் பதிவானது. 1868-க்குப் பிறகு இலங்கையில் கண்டறியப்பட்ட முதல் புதுப் பறவை இனம். அவ்வளவு காலம் யார் கண்ணிலும் படாமல் இருந்த ஒன்றைக் காட்டிக்கொடுத்தது ஒரு குரல். போவதற்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு பறவைகளின் குரலையாவது கேட்டுப் பழகிக்கொண்டு போங்கள். ஸெனோ-காண்டோ தளத்தில் இலவசமாகக் கிடைக்கும்.

ஆனால் அந்தக் குரலைக் கைப்பேசியில் காட்டுக்குள் ஒலிக்கவிடுவது வேறு விஷயம். தன் எல்லைக்குள் இன்னொரு ஆண் வந்துவிட்டது என்று நினைத்து, இரை தேடுவதையும் கூட்டையும் விட்டுப் பறவை ஓடி வரும். நமக்கு ஒரு படம் கிடைக்கும். அதற்கு வீண் அலைச்சல். பேர்பெற்ற இடங்களில் ஒவ்வொரு குழுவும் இதைச் செய்தால் அந்தப் பறவையின் நிலை என்ன? ஒரு மாலையில் எங்கள் வழிகாட்டி ஆந்தையின் இடத்தில் நிறுத்தி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். குழுவில் ஒருவர் குரலைப் போடச் சொல்லிக் கேட்டார். “கூடு வைக்கிற காலம். போட மாட்டேன்” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். இரண்டு முறை தூரத்தில் கத்தியதைக் கேட்டுவிட்டுத் திரும்பினோம். அன்று முதல், முன்பதிவு செய்யும் முன்பே இதைப் பற்றி ஏற்பாட்டாளரிடம் கேட்கிறேன். “எப்படியும் காட்டிவிடுவோம்” என்று உறுதி தருபவரிடம் நான் போவதில்லை.

தவளைவாயன் விஷயத்திலும் இதே கண்டிப்பு வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் இரவுப் பறவை. பகலில் ஆணும் பெண்ணும் தோளோடு தோள் உரசிக்கொண்டு, புதருக்குள் தாழ்ந்த கொடியில் காய்ந்த இலைபோல உட்கார்ந்திருக்கும். இரண்டடி தூரத்திலும் தெரியாது. வழிகாட்டி காட்டிய பிறகும் கண்ணுக்குப் பிடிபட நேரமாகும். ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் கிட்டே போகக் கூடாது, ஃப்ளாஷ் கூடாது, மறைக்கிறது என்று ஓர் இலையைக்கூட ஒதுக்கக் கூடாது. அந்த இலைதான் அதற்குப் பாதுகாப்பு. இந்தப் பறவை இடுவது ஒரே ஒரு முட்டை. நம் தொந்தரவால் கூட்டை விட்டு எழுந்தால் அந்த ஈற்றே வீணாகிவிடலாம். படம் எடுத்தால் இருப்பிடக் குறியை நீக்கிவிட்டுப் பகிருங்கள்.

சாமான்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தொலைநோக்கி எட்டுக்கு நாற்பத்திரண்டு (8×42) வாங்குங்கள். பத்துக்கு நாற்பத்திரண்டில் பறவை பெரிதாகத் தெரியும். ஆனால் எட்டில் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றை ஐந்து மில்லிமீட்டருக்கு மேல், பத்தில் நான்குதான். இருட்டுக் காட்டில் அந்த ஒரு மில்லிமீட்டர் பறவையின் நிறத்தைக் காட்டும். பார்வைப் பரப்பும் எட்டில் அகலம். மழைக்கு மேலங்கியைவிடக் குடை நல்லது. அங்கிக்குள் வியர்த்துக் கண்ணாடியில் ஆவி படிந்துவிடும். அட்டைக்கு முழங்கால்வரை வரும் அட்டைக் காலுறை போட்டு, கால்சட்டையை அதற்குள் செருகிக்கொள்ளுங்கள். ஏறிவிட்டால் பயப்பட வேண்டாம். உள்ளூர்க்காரர்கள் சவர்க்காரமோ சித்தாலேப தைலமோ தடவி எடுத்துவிடுவார்கள்.

மாதம் பார்த்துப் போக வேண்டும். மே முதல் ஜூலை வரையும், அக்டோபரிலிருந்து டிசம்பர் நடுவரையும் சிங்கராஜாவில் மழை கொட்டும். ஜனவரி முதல் ஏப்ரல் தொடக்கம்வரை உகந்த காலம். அப்போது இமயமலைப் பக்கமிருந்து வலசை வந்தவையும் மலைநாட்டில் இருக்கும். நுவரெலியாவின் விக்டோரியா பூங்காவில், ஊர் நடுவே, குப்பையும் ஓடையும் சேர்ந்த மூலையில் ஆறுமணிக்குருவியையும் காஷ்மீர் ஈப்பிடிப்பானையும் சாவகாசமாக நின்று பார்க்கலாம். ஹோர்ட்டன் சமவெளிக்கு விடியும் முன்பே போய்ச் சேர வேண்டும். அங்கே சாலையோரக் குளக்கரையில் இலங்கைச் சீகாரப் பூங்குருவி வெளிச்சம் பரவும் முன் சற்று நேரம் வெளியே வரும், வெயில் ஏறினால் புதருக்குள் போய்விடும். இலங்கைக்கே உரிய இனங்கள் முப்பதைத் தாண்டும். எட்டு நாளில் அத்தனையும் என்று சில திட்டங்கள் சொல்கின்றன. முடியும்தான். ஆனால் பாதி நேரம் வண்டியில் கழியும், மீதியில் பட்டியலில் கோடு போடுவதுதான் நடக்கும். சிங்கராஜாவில் மூன்று காலைப் பொழுதாவது கேளுங்கள். இடம் போதவில்லை என்றால் வேறொன்றை வெட்டுங்கள், சிங்கராஜாவை வெட்டாதீர்கள்.

உள்ளூர் வழிகாட்டிக்கான கூலி எவ்வளவு, அது அவர் கைக்கே போகிறதா என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள். அன்பளிப்பைக் கடைசி நாள் மொத்தமாக ஒருவரிடம் கொடுத்துப் பிரித்துக்கொள்ளச் சொல்வதைவிட, காட்டிலிருந்து வெளியே வந்ததும் அவரிடமே கொடுப்பது நல்லது. காட்டை ஒட்டி வாழும் ஒரு குடும்பத்துக்கு, மரம் நின்றால் வருமானம் உண்டு என்று காட்டுவது இந்தப் பணம்தான்.

இலங்கைக்குப் போக வசதிப்படாதவர்கள் தட்டேக்காட்டில் தொடங்கலாம். பெரியாற்றங்கரையில் 25 சதுர கிலோமீட்டர் சரணாலயம். 1930களில் இங்கே ஆய்வு செய்த பறவையியலாளர் சலீம் அலியின் பெயரில் 1983-ல் அமைந்தது. தவளைவாயனும் தீக்காக்கையும் இங்கும் உண்டு. கோதமங்கலத்திலிருந்து பக்கம்தான். வீட்டிலேயே தங்கவைத்துத் தாங்களே காட்டுக்கும் கூட்டிப்போகும் குடும்பங்கள் இருக்கின்றன. அறை கேட்கும்போதே, விடியும் நேரத்தில் காட்டோரம் நிற்க வேண்டும் என்றும், மதியத்துக்கு மேல் வேறெங்கும் கூட்டிப்போக வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள்.