ராடு விழுந்தால் எது தாங்கும்?

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன் திண்டுக்கல்லில் ஜிம்முக்குப் போய்வருகிறான். பஸ்ஸிலேயே நேரம் போகிறது, வீட்டிலேயே ஒரு ரேக் வாங்கிக் கொடுங்கள் என்கிறான். வீட்டுக்குப் பக்கவாட்டில் சிமெண்ட் தரை போட்ட தகரக் கொட்டகை சும்மா கிடக்கிறது. ஆன்லைனில் பார்த்தால் எல்லாவற்றிலும் ‘300 கிலோ தாங்கும்’ என்று போட்டிருக்கிறது. வெல்டிங் பட்டறையில் பாதி விலைக்குச் செய்து தருகிறோம் என்கிறார்கள். எதை நம்புவது? விடியற்காலையில் அவன் தனியாகத்தான் தூக்குவான் என்பதுதான் எனக்குப் பயம்.
– ஒரு வாசகர், ரெட்டியார்சத்திரம்

பதில்: உங்கள் பயம் நியாயமானது. ரேக்கைத் தேர்ந்தெடுக்க அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். ஜிம்மில் உட்கார்ந்தவர் எழ முடியாமல் திணறினால் பக்கத்தில் இருப்பவர் ஓடிவந்து ராடைப் பிடிப்பார். உங்கள் கொட்டகையில் அந்த வேலையை ரேக்கின் பாதுகாப்புக் கம்பிகள்தான் செய்யவேண்டும். அதனால் இரண்டு தூணும் இரண்டு கொக்கியும் மட்டுமே உள்ள ஸ்குவாட் ஸ்டாண்டு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். நான்கு தூண்களும் இருபுறமும் குறுக்கே நீளக் கம்பிகளும் உள்ள பவர் ரேக்தான் உங்களுக்கு.

மகன் பழகுவது எது என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றாரே, அந்தப் பளுதூக்குதல் என்றால் ராடு தரையிலிருந்து தலைக்கு மேலே போய்த் திரும்பத் தரையில் விழும். அதற்கு மேடையும் ரப்பர் பிளேட்டும்தான் முதல் செலவு. ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ் என்றால் மேலே படியுங்கள்.

‘300 கிலோ’ என்பது பெரும்பாலும் அசையாமல் வைத்த எடைக்குச் சொல்லும் கணக்கு. 100 கிலோ ஏற்றிய ராடு 10 சென்டிமீட்டர் விழுந்து ஒரு சென்டிமீட்டருக்குள் நின்றால், கம்பியின் மேல் வரும் விசை அந்த எடையைப்போலப் பத்து மடங்குக்கு மேல். ஆகவே பைப்பின் கனத்தைக் கேளுங்கள். 2 அங்குலச் சதுர பைப், 3 மி.மீ. கனம் இருந்தால் வீட்டுக்குப் போதும். 16 கேஜ் என்று கொடுத்தால் அது 1.6 மி.மீ.தான், வேண்டாம். பெயின்ட் அடித்தபின் இரண்டுக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, தராசில் தெரிந்துவிடும். 3 மி.மீ. பைப் அடிக்கு ஏறத்தாழ 1.35 கிலோ, 16 கேஜ் முக்கால் கிலோ. 7 அடித் தூண் ஒன்பதரை கிலோவுக்குப் பக்கத்தில் வரவேண்டும். ஐந்து கிலோதான் வருகிறது என்றால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

பட்டறையில் செய்வதில் தவறே இல்லை. எனக்கு அதுதான் பிடித்தமும்கூட, உங்கள் கொட்டகைக்கு ஏற்ற அளவில் கிடைக்கும், வெல்டு விட்டால் கொண்டுபோய்க் காட்டலாம். ஆனால் ஓட்டை போடும்போது நீங்கள் கூடவே நிற்கவேண்டும். ஒவ்வொரு தூணுக்கும் தனியாக டேப் வைத்துக் குறித்தால் மட்டம் மாறி ராடு ஒருபக்கம் சாயும். ஒரு பட்டையில் ஓட்டை போட்டு, அதையே அச்சாக வைத்து நான்கு தூண்களிலும் போடச் சொல்லுங்கள். 2 அங்குல இடைவெளி போதும்; பெஞ்ச் பிரஸ் உயரத்தில் மட்டும் ஒரு அங்குலம். அங்கே கம்பி நிமிர்ந்த மார்புக்குச் சற்றுக் கீழேயும் கழுத்துக்கு மேலேயும் நிற்கவேண்டும், ஓர் அங்குலம் தவறினாலும் பயனில்லை. கம்பியைத் தாங்கும் பின் 16 மி.மீ. முழு இரும்பாக இருக்கட்டும், உள்ளே குழலாக இருக்கக் கூடாது.

அகலத்திலும் பலர் ஏமாறுகிறார்கள். 7 அடி ஒலிம்பிக் ராடில் பிளேட் வந்து முட்டும் இரு வளையங்களுக்கு நடுவே 131 செ.மீ. ரேக்கின் வெளி அகலம் 4 அடியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கென்று செட்டாக விற்கும் 5 அடி ராடை இந்த ரேக்கில் வைத்தால் பிளேட் மாட்ட இடம் போதாது.

கொட்டகையில் மகனை நிற்கவைத்துக் கையை மேலே தூக்கச் சொல்லுங்கள். முஷ்டிக்கு மேல் இன்னும் ஓர் அடி காலியாக இருந்தால்தான் தலைக்கு மேலே தூக்கும் பயிற்சி அங்கே நடக்கும். பெரிய பிளேட்டின் பாதி உயரமே 9 அங்குலம். தகரம் சரிந்து இறங்கும் பக்கத்தை விட்டு உயரமான பக்கத்தில் ரேக்கை நிறுத்துங்கள். தரை ஜல்லிக்கு மேல் மெல்லிசாகப் பூசியதாக இருந்தால் ஆங்கர் போல்ட் பிடிக்காது. தூண் வரும் நான்கு இடங்களிலும் ஒன்றரை அடிச் சதுரத்துக்கு வெட்டி, அரை அடி ஆழம் கான்கிரீட் போட்டு, தண்ணீர் விட்டு நன்றாக இறுகியபின் அடியுங்கள். ஐப்பசி மழைச் சாரல் உள்ளே அடிக்குமென்றால் பைப்பின் மேல்வாயை மூடி வெல்டு வைக்கச் சொல்லுங்கள். துரு உள்ளிருந்துதான் தின்னும்.

ரேக் நின்றதும் முதல் நாள் நீங்களும் கூட இருங்கள். வெறும் ராடைத் தோளில் வைத்து, அடிவரை உட்கார்ந்து, வேண்டுமென்றே கம்பிமேல் விட்டுவிட்டு வெளியே வரச் சொல்லுங்கள். பெஞ்சில் படுத்தும் அதையே செய்யட்டும். அது கைவந்த பிறகு பிளேட் ஏற்றட்டும்.