சாலையோர மஞ்சள் பூ கரிசலாங்கண்ணியா?

சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன், லிங்கி பக்கம் போகும் தோட்டத்துச் சாலைகளில், கால்வாய்க் கரையிலும் மேட்டுச் சரிவிலும் ஒரு மஞ்சள் பூ தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்கும். பால்மரக் காலத்துப் பாட்டிமார் கீரையோடு சேர்த்துக் கிள்ளிய மஞ்சள் கரிசலாங்கண்ணி இதுதான் என்று நம்பிப் பை நிறையப் பறிப்பவர்கள் உண்டு. நெகிரி செம்பிலான் தோட்டக் குடும்பங்களுக்கு நெருக்கமான இந்தச் சின்னப் பூவைப் பற்றிச் சிலவற்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும்.

நம்பிக்கை: தரையில் படரும் மஞ்சள் பூவெல்லாம் கரிசலாங்கண்ணி.

உண்மை: பெரும்பாலும் இல்லை. சாலையோரத்தை மூடியிருப்பது ஸ்பாக்னெட்டிகோலா டிரைலோபேட்டா. மெக்சிகோ, நடு அமெரிக்கா, கரீபியன் தீவுகள் அதன் தாயகம். அழகுக்காகவும் மண்ணைப் பிடித்து வைக்கவும் பல நாடுகளில் நடப்பட்டு, பிறகு அடங்காமல் பரவியது. உலகின் மிக மோசமான 100 அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் அதுவும் இருக்கிறது. இந்தியா, இலங்கை தொடங்கித் தென்கிழக்காசியா, சீனா, ஜப்பான் வரை இயல்பாக வளரும் மஞ்சள் கரிசலாங்கண்ணியோ ஸ்பாக்னெட்டிகோலா காலெண்டுலேசியா.

இலைதான் அடையாளம். அந்நியச் செடியின் இலை பளபளப்பாக, பெரும்பாலும் மூன்று மடலாகப் பிரிந்திருக்கும். நாட்டுச் செடியின் இலை ஒடுங்கி நீண்டு, மடல் பிரியாமல், தடவினால் சொரசொரக்கும். பூவும் சற்றுச் சிறியது. ஒரே இலையை வைத்து முடிவுகட்டாமல் பல கொடிகளைப் பார்க்க வேண்டும்.

நம்பிக்கை: வெள்ளைப்பூக் கரிசலாங்கண்ணி, மஞ்சள்பூக் கரிசலாங்கண்ணி இரண்டும் ஒரே செடி, நிறம்தான் வேறு.

உண்மை: இரண்டும் சூரியகாந்திக் குடும்பம்தான், ஆனால் வெவ்வேறு பேரினங்கள். வெள்ளைப்பூச் செடி எக்லிப்டா. ஆயினும் இந்த நம்பிக்கையில் ஓர் ஒற்றுமை ஒளிந்திருக்கிறது. 1956இல் சென்னை வேதியியலாளர் டி. ஆர். கோவிந்தாச்சாரியும் உடனாய்வாளர்களும் மஞ்சள் கரிசலாங்கண்ணியிலிருந்து பிரித்த ஒரு சேர்மத்தின் அமைப்பை வெளியிட்டார்கள். செடியின் அன்றைய பெயரான வெடேலியாவிலிருந்து அதற்கு வெடெலோலாக்டோன் என்று பெயர் வந்தது. அதே சேர்மம் வெள்ளைப்பூச் செடியிலும் உண்டு.

நம்பிக்கை: மஞ்சள் காமாலைக்குக் கரிசலாங்கண்ணிச் சாறு போதும்.

உண்மை: காமாலை என்பது அறிகுறி. அதற்குப் பின்னால் கல்லீரல் அழற்சி வைரஸ் இருக்கலாம், பித்தக்கல் இருக்கலாம், எலிச் சிறுநீரால் பரவும் எலிக்காய்ச்சலும் இருக்கலாம். எலி நடமாடும் செம்பனைக் காட்டில் வேலை செய்பவருக்குக் காய்ச்சலோடு கண் மஞ்சளித்தால் அன்றே இரத்தப் பரிசோதனை வேண்டும். கரிசலாங்கண்ணி கல்லீரலைக் காக்கும் என்பதற்கு ஆய்வக, விலங்குச் சோதனைகளில் ஆதாரம் உண்டு. நோயாளிக்கு மருத்துவமனைச் சிகிச்சையைத் தள்ளிப்போட அது காரணமாகாது.

நம்பிக்கை: தானாக முளைப்பதுதான் சுத்தமானது, வளர்க்கத் தேவையில்லை.

உண்மை: தோட்டத்தில் மருந்தடிப்பு நின்றதில்லை. பாரகுவாட் என்ற களைக்கொல்லியை மலேசியா 2020 ஜனவரி 1 முதல் தடை செய்துவிட்டது. மற்றக் களைக்கொல்லிகள் புழக்கத்தில் இருக்கின்றன. மரத்தடியிலும் பாதையோரத்திலும் பறிக்கும் கீரையில் என்ன பட்டிருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது.

மஞ்சள் கரிசலாங்கண்ணியை வீட்டில் வளர்ப்பது எளிது. மூன்று நான்கு கணுக்கள் கொண்ட தண்டை நறுக்கி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நட்டால் போதும். கணுவில் வேர் விடும். வயல் வரப்பிலும் ஈர நிலத்திலும் வளரும் செடி என்பதால் மண் காயக் கூடாது. அகலமான தொட்டி, மட்கிய உரம், காலை வெயில், மதிய நிழல் இருந்தால் தழைக்கும். வேரோடு பிடுங்காமல் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை வெடிக்கும்.

சாலையோரச் செடியை மட்டும் அதன் பக்கத்தில் கொண்டுவந்து நடக் கூடாது. வெட்டிப்போட்ட துண்டிலிருந்தே அது மறுபடி வேர் பிடிக்கும். தென் சீனாவில் அது நாட்டுச் செடியோடு கலந்து ஒரு கலப்பினமே உருவாகியிருக்கிறது.